மூன்றாவது டப்பா

"கண்ணை மூடிக்கிட்டு அழுத்துங்க, அர்பாப். கண்ணு கம்பெனி பேரைப் பார்த்து மயங்கிடும். விரலை ஏமாத்த முடியாது," என்றான் ரகுநாதன், இந்தியில்.

மஹ்மூது சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். ஷார்ஜாவுக்கு வெளியே, பாலைவன ஓரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவர் பழைய உறுப்பினர். மேனேஜரே எழுந்து நின்று, 'அர்பாப்', முதலாளி, என்று சலாம் வைக்கும் ஆள். அவருடைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் டிரிக்கர் ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"மணலை மெல்ற மாதிரி கரகரன்னு இருக்கு. சுத்தக் குப்பை! வேற நல்லதா வாங்கிப் போடு. வெள்ளிக்கிழமை போட்டி. சரியா அமைஞ்சா உன் ஃபேமிலி விசா என் பொறுப்பு," என்று சொல்லியிருந்தார்.

துப்பாக்கிகளைப் பராமரிப்பது ரகுநாதனின் வேலை. கேட்லாக்கைப் புரட்டி, மூன்று கம்பெனிகளின் டிரிக்கர்களை வரவழைத்துவிட்டான். மூன்றும் முழு செட். இரண்டு பின்னைத் தட்டினால் பழையது கழன்று வரும், அதே இடத்தில் புதியதைப் பொருத்திவிடலாம். டப்பாக்கள்தான் வேறு வேறு நிறம். உள்ளே எல்லாம் ஒரே கறுப்பு.

விசா என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. ஷார்ஜா முவைலா பகுதியில் ஒரு சின்ன ஃபிளாட். மனைவி நளினி பால்கனியில் துணி காயப்போடுகிறாள். மகள் அனன்யா ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி, மேலே பார்த்துக் கையாட்டுகிறாள். வாடகைக்கே எடுக்காத வீட்டில் அவன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

நேற்றும் அப்படித்தான். ரைஃபிளின் பழைய டிரிக்கரைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, மூன்றாவது டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நளினியின் மிஸ்டு கால் வந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, டிராயரில் இருந்த போன் கார்டைச் சுரண்டி, வெளியே போய் அவளைக் கூப்பிட்டான். ஜன்னலுக்கு நீலத் திரையா பச்சைத் திரையா என்ற பேச்சில் முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

'டிக்' என்றது, முதல் டிரிக்கரைப் பொருத்தியிருந்த ரைஃபிள்.

"ரொம்ப லேசு. நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுது. மாஃபி, வேண்டாம்," என்றார் மஹ்மூது.

ரகுநாதன் அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் பொருத்தினான். அப்போது அம்மையப்பன் பால் சேர்க்காத சுலைமானி டீயோடு உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்காரர், முதுகுளத்தூர்ப் பக்கம். கூட்டித் துடைப்பதும் டீ போடுவதும் அவர் பொறுப்பு. நேற்று ஆயுத பூஜைக்கு அந்த அறையில் இருந்த ஸ்பேனர் முதல் எண்ணெய்க் குப்பி வரை எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்தவர் அவர்தான். 'புதுச் சாமான்ல மட்டும் பொட்டு வச்சிடாதீங்கண்ணே, வம்பாயிடும்' என்று ரகுநாதன் சொல்லியிருந்தான். சொன்னபடியே அவர் புதியதைத் தொடவில்லை.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்..."

"அப்புறம்ணே, அப்புறம்."

'டிக்'.

"அடேயப்பா, என்ன கனம்! படுத்த ஒட்டகத்தை எழுப்புறது இதைவிட சுலபம்."

பால்கனியில் நளினி துணியையெல்லாம் கொடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். மூன்றாவது டப்பாவைத் திறந்து பொருத்தினான். கைதான் பின்களைத் தட்டியது. மனம் பால்கனிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

மஹ்மூது கண்ணை மூடினார். விரல் மெல்ல மடங்கியது. 'டிக்'. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்தது.

"சின்ன வயசுல அப்பாவோட படகுல போவேன், ரகு," என்றார் கண்ணைத் திறக்காமல். "விடியுற நேரத்துல கடல் அசையவே அசையாது. படகு போறதே தெரியாது. இது அப்படி இருக்கு."

ஏசி இரைச்சலுக்கு நடுவே ரகுநாதனுக்கும் அந்தக் கடல் கேட்டது. படகில் நளினியும் அனன்யாவும்கூட இருந்தார்கள்.

"கலாஸ், முடிஞ்சது! இதுதான்!"

மஹ்மூது அங்கேயே போனை எடுத்து மேனேஜரிடம் அரபியில் பேசினார். ரகுநாதனுக்கு அதில் புரிந்தது 'ஃபேமிலி' என்ற ஒரே வார்த்தை. அது போதும்.

"அடுத்த வாரம் லெட்டர் வந்துடும். எத்தனையோ பேர் என் ரைஃபிளைப் பார்த்திருக்காங்க. சரியானதைத் தேர்ந்தெடுத்தவன் நீ ஒருத்தன்தான்."

உடனே நளினியிடம் சொல்ல வேண்டும். நீலத் திரையே போடலாம் என்று சொல்ல வேண்டும். நேற்றைய போன் கார்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று மேசை டிராயரை இழுத்தான்.

கார்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மூன்றாவது டிரிக்கர் கிடந்தது.

"இது எந்த கம்பெனி, ரகு?" மஹ்மூது ரைஃபிளைத் திருப்பி, டிரிக்கருக்கு அடியில் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சள்ல வட்டம், நடுவுல சிவப்புப் புள்ளி. முத்திரை அழகா இருக்கே!"

அம்மையப்பன் ரகுநாதனின் காதருகே குனிந்தார். "அதைத்தான் சார் அப்பவே சொல்ல வந்தேன். அர்பாபோட பழசு அழுக்காக் கெடந்துச்சு. பூஜைக்குன்னு பெட்ரோல் ஊத்திக் கழுவுனா, உள்ள அம்புட்டு மண்ணு! கழுவிப் பொட்டு வச்சு, காலியாக் கெடந்த டப்பாவுல போட்டு வச்சேன். தப்பா சார்?"