எதிர்க்காற்று

அவள் தன் அடியைப் பாடி நிறுத்தினாள்.

பதில் அடி வரவில்லை.

நடுவே ஆள் உயரத்துக்குப் பஞ்சு வைத்த தட்டி. இரண்டு பேர் குரலும் கலக்கக் கூடாதாம். மதுரையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிற தம்பி அப்படித்தான் சொன்னான். தட்டிக்கு அடியில், கூடப் பாடும் ஆவுடைத்தாயின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தம்பி உள்ளே வந்து ஆவுடையின் முன்னால் நின்றான்.

"அடி மறந்துபோச்சு, தம்பி" என்றாள் ஆவுடை.

தட்டிக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தெட்டு வருடமாக மேடையில் சேர்ந்து பாடுகிறார்கள். ஆவுடை தன் பெயரை மறந்தாலும் மறப்பாள், பாட்டில் ஒரு அடியை மறக்க மாட்டாள்.

மறுபடி பாடினார்கள். அதே இடத்தில் அதே அமைதி.

அப்போதுதான் உறைத்தது.

ஒரு வருடமாக மேடையில் ஆவுடை கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்கிற இவள் வாயையே பார்த்துப் பாடுகிறாள். வயதாக ஆகப் பாசம் பொங்குகிறது என்று இவளும் பூரித்துக்கொண்டிருந்தாள். கூறுகெட்டவள்.

ஆவுடைக்குக் காது கேட்கவில்லை.

அதை மறைத்திருக்கிறாள். கூடப் பாடுகிறவளிடமும்.

தம்பி இந்தப் பக்கம் வந்தான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் பாடிருங்கம்மா. அந்தம்மா அடிய வேற ஆள வச்சுச் சேத்துக்கிறேன்."

வேறு ஆளாம்.

தட்டியை எடு என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பான். நாளைக்கே ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிடும். காது கேட்காத பாட்டுக்காரியை எந்தக் கோயில் கொடைவிழாவுக்குக் கூப்பிடுவார்கள்?

இருவரும் சிறுமிகளாக இருந்த காலம். கரிசலில் அடுத்தடுத்து இரண்டு கம்பங்காடுகள். நடுவில் ஒரு வரப்பு. அந்த ஒரு முழ வரப்புக்காக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. குருவி விரட்டக் காட்டுக்கொரு பரண், பரணுக்கொரு பிள்ளை. அந்த வீட்டுக்காரியோடு பேசினால் நாக்கை அறுத்துவிடுவோம் என்று இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி உத்தரவு.

பாடக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

'கம்பு தின்ன குருவிக்குக் கழுத்து மட்டும் நீளமடி' என்று அவள் குருவியை வைதாள். ஆவுடைக்குக் கழுத்து நீளம்.

'கல்லெறியும் சிறுக்கிக்கோ காலு ரெண்டும் கோணலடி' என்று எதிர்ப்பரணிலிருந்து சுடச்சுட வந்தது.

அறுப்பு வரைக்கும் வைதுகொண்டார்கள். அடுத்த வருடம் வைவதற்கு ஒன்றுமில்லாமல் போனது. ஆனாலும் பாடினார்கள்.

எதிர்க்காற்று அடிக்கிற நாளில் குரல் அந்தப் பரணுக்குப் போய்ச் சேராது. அன்றைக்கெல்லாம் அடி முடிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து உயரத் தூக்கிக் காட்டுவார்கள். நான் முடித்துவிட்டேன், நீ எடு.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இன்னைக்கு எதிர்காத்து, தம்பி. அதான். இன்னொரு தடவ பாடுறோம்."

தம்பி சன்னல் இல்லாத ஏசி அறையைச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

அவள் பாடினாள். அடி முடிந்ததும் முந்தானையை எடுத்துத் தட்டிக்கு மேலே தூக்கினாள்.

தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது.

அவள் எம்பி நின்று முந்தானையை இன்னும் உயரத் தூக்கினாள்.

பிறகு ஆவுடையின் குரல் எழும்பியது. இரண்டு காடு தாண்டிப் போக வேண்டிய குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

ஆவுடை தன் அடியை முடித்தாள்.

தட்டிக்கு மேலே ஒரு பச்சை முந்தானை உயர்ந்தது.

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்தப் பச்சையைப் பார்த்து நின்றவளுக்குப் பதில் அடிதான் வரவில்லை.

ஆவுடை முந்தானையை இறக்கவில்லை.