நாலு கேமரா, ஒரு கதவு

தெருச் சங்கம் புதிதாகப் பொருத்திய கேமராக்களைத் தொடங்கிவைக்க, எஸ்.ஐ. தமிழ்மதி பொத்தானை அழுத்தினார். திரை நான்கு கட்டங்களாக ஒளிர்ந்தது.

நான்கிலும் ஒரே நீலக் கதவு.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"தெருமுனை எங்கங்க? தாடிக்கொம்பு ரோடு திருப்பம் எங்க?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

கேமரா பொருத்திய நூர் முகமது ஒயரைச் சுருட்டுவதிலேயே கவனமாக இருந்தான்.

அது சோலைமுத்துவின் வீட்டுக் கதவு. எப்போதோ ஒரு திருட்டு வழக்கில் உள்ளே போய் வந்தவர். அதன் பிறகு வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறார். போன மாதம் தெருவில் பைக் காணாமல் போனபோது போலீஸ் முதலில் அவரைத்தான் கூட்டிப்போனது. எடுத்தவன் பிறகு வேறு ஊரில் பிடிபட்டான்.

சகாயராணி டீச்சருக்குக் காது மடல் சுட்டது.

நேற்று நூர் முகமதுவுக்கு டீ கொடுக்கும்போது அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு கேமராவை அந்த வீட்டுப் பக்கமாச் செத்த திருப்பி விடு தம்பி. யார்கிட்டயும் சொல்லாத."

தான் மட்டும்தான் சொன்னோம் என்று நினைத்திருந்தாள்.

சங்கத் தலைவர் ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ராமுத்தாய் தன் செருப்பையே பார்த்தாள்.

அப்படியானால் மூன்று பேர். நான்காவது யார்?

சற்று முன்தான் டீச்சர் எல்லோருக்காகவும் ஜெபம் சொல்லியிருந்தாள், இந்தத் தெருவை உம் கண்ணே காக்கட்டும் ஆண்டவரே என்று.

நான்கு கட்டங்களிலும் கதவு திறந்தது. சோலைமுத்துவின் மனைவி மாயம்மாள் தட்டோடு வெளியே வந்தாள். நான்கு மாயம்மாள்கள், தம்ளர்கள் தளும்பாமல், தெருவைக் கடந்தார்கள்.

வாசலில் ஒரே ஒரு மாயம்மாள் வந்து நின்றாள்.

"நன்னாரி சர்பத்துக்கா. அவரு மண்டிக்குப் போயிட்டாரு, இல்லாட்டி அவரே கொண்டாந்திருப்பாரு."

திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அடியாத்தி! ஒண்ணை மட்டும் எங்க பக்கம் திருப்பச் சொல்லி அவருதான் இந்தத் தம்பிகிட்டக் கேட்டுக்கிட்டாரு. எப்பப் போறாரு, எப்ப வாராருன்னு தெரிஞ்சா, இனி எது காணாமப் போனாலும் ஸ்டேஷனுக்கு இழுக்க மாட்டாங்கள்ல. நீங்க எங்களுக்காக நாலையுமே திருப்பிட்டீங்களேக்கா!"

எஸ்.ஐ. எழுந்தார். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, முதல் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டீச்சரும் ஒன்றை எடுத்தாள். சில்லென்று இருந்தது. குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் இப்போது ஆளில்லை. ஆனாலும் மாயம்மாள் பூட்டாமல்தான் வந்திருந்தாள்.

திரையில் நான்கு கட்டங்களிலும் நீலக் கதவு திறந்தே கிடந்தது.