கான்ட்ராஸ்ட் ஊசி

"வேற யாராவது வந்து ஊசி போடட்டும். இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லு."

ஸ்கேன் அறைக்கு வெளியே கிடந்த கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, விழிதியூர் திருஞானசம்பந்தம் தன் மனைவி சௌந்தரவல்லியிடம் சொன்னார். எதிரில் ஊசியோடு நின்ற டெக்னீஷியனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"காதுல விழுதுங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "ஆனா இன்னைக்கு டியூட்டியில நான் ஒருத்திதான்."

"அப்ப கிளம்பு," என்றார் மனைவியிடம். "நாகப்பட்டினத்துல இல்லாத ஸ்கேனா?"

"ரெண்டு மாசமா தலைவலியில துடிக்கிறீங்க. பாதி ஸ்கேன் முடிஞ்சாச்சு. இப்ப போய் வீம்பு புடிக்கிறீங்களே!" சௌந்தரவல்லியின் குரல் உடைந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் சேக் அலாவுதீன் வந்தார்.

"ஐயா, மூளையில நிழல் மாதிரி ஒண்ணு தெரியுது. கட்டியா, பழைய ரத்தக்கசிவான்னு புரியல. இந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்புல ஏத்திட்டு மறுபடி படம் எடுத்தா தெளிவாயிடும். கட்டியாவே இருந்தாலும் பயப்படாதீங்க. சீக்கிரமே வந்துட்டீங்க, எடுத்துடலாம். ஆனா இந்தப் படம் இல்லாம எந்த சர்ஜனும் கத்தியைத் தொடமாட்டாரு."

"மருந்து வேணாம்னு நான் சொல்லலையே டாக்டர்."

"ஓ, இவங்களைத்தான் வேணாங்கறீங்களா? நரம்பே தெரியாத கையிலகூட ஒரே குத்துல ஏத்திடுவாங்க. எங்க சென்டருக்கே இவங்கதான் பெருமை."

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, போடச் சொல்லு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

"கிட்னி கோளாறு, அலர்ஜி ஏதாவது உண்டான்னு கேளுங்கம்மா."

"இல்லைன்னு சொல்லு."

"நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று முணுமுணுத்தாள் சௌந்தரவல்லி. டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பஞ்சால் துடைத்த விரல்கள் நடுங்கின. டாக்டர் அவ்வளவு புகழ்ந்த கையில், ஊசி தோலருகே போய்ப் போய்த் திரும்பியது.

"கொஞ்சம் வலிக்கும்னு சொல்லுங்கம்மா…"

திருஞானசம்பந்தம் முதன்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணு கல்யாணத்துக்கு வராத அப்பனுக்குக் கொஞ்சம் வலிச்சாத்தான் என்ன? நடுங்காம போடும்மா, சிவப்ரியா."