தவறாத தவணை

பொன்னேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்த சம்பூர்ணம், கிராமக் கர்ணத்திடம் இரண்டு ரூபாயை நீட்டினாள். போன வருஷப் புயலுக்குச் சர்க்கார் கொடுத்த அவசரக் கடனின் மாதத் தவணை.

"ஊர்ல ஒருத்தனும் கட்டறதில்லே. நீ ஒருத்திதான் மாசம் தவறாம வர்றே," என்றபடி ரசீது எழுதினார் கர்ணம்.

"சவுக்குத்தோப்புப் புறம்போக்கு, ஆறாம் நம்பர் ஊடுன்னு போடுங்க சாமி."

அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டு, ரூபாயை மடியில் செருகிக்கொண்டார்.

மறுவாரம் தாசில்தார் சவுக்குத்தோப்பில் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஒரு வருஷமா இங்கே குடியிருக்கறதுக்கு அத்தாட்சி இருந்தா பட்டா. மத்த குடிசையெல்லாம் பிரிச்சாகணும். இங்கே ஃபாக்டரி வரப்போகுது."

சம்பூர்ணம் பன்னிரண்டு ரசீதுகளை எடுத்து நீட்டினாள்.

"எல்லாம் உம்ம கையெழுத்துதானே?" என்று கர்ணத்தைக் கேட்டார் தாசில்தார்.

கர்ணம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆமாங்க."

பட்டா எழுதப்பட்டது. ஜீப் கிளம்பியதும் கர்ணம் அவளிடம் வந்தார்.

"கடன் வாங்கினவங்க லிஸ்ட்ல உன் பேரே கிடையாது. வாங்காத கடனை எதுக்கும்மா கட்டினே?"

"பேரு இல்லேன்னு தெரிஞ்சிதானே மாசாமாசம் மடியில செருகினீங்க சாமி? அந்த தைரியத்துலதான் கட்டிக்கினு வந்தேன்."