தடுக்கப்பட்ட தளம்

"பாத்தீங்களாக்கா, மறுபடியும் அதேதானுங்க."

பிரீத்திகா மவுசிலிருந்து கையை எடுத்தாள். இந்தத் தளத்திலிருந்து பதிவிறக்கம் தடுக்கப்பட்டுள்ளது என்று திரையில் சிவப்பாக வந்து நின்றது.

சாஜிதா பேகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காரமடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். போன் செய்ததும் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

"வைரஸா இருக்குமுங்களா?"

"இருங்க அம்மணி, பாக்கறேன்."

மின்கட்டண ரசீது இறங்கியது. சமையல் வீடியோ ஒன்று இறங்கியது. பிரீத்திகா கேட்ட அந்த ஒரு வீடியோ மட்டும் இறங்க மறுத்தது.

கணவன் சாய்குமார் காலையில் வேலைக்கு ரயிலேறியதிலிருந்து அவள் இதோடுதான் போராடிக்கொண்டிருந்தாள். இன்று அவன் தன் மெயிலை மூடாமல் போயிருந்தான். பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான். இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவும் பகலில் அந்த வீட்டில் ஆளில்லை.

சாயங்காலம் அவன் வந்த பிறகும் பெரிய வித்தியாசம் இல்லை. பால் வாங்கியாச்சா, தண்ணீர் விட்டார்களா, அவ்வளவுதான் பேச்சு.

சாஜிதா பிரவுசரின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே போனாள். தடுக்கப்பட்ட தளங்கள் என்ற இடத்தில் நின்றாள்.

அங்கே ஒரே ஒரு முகவரி இருந்தது. கோயம்புத்தூரில் பிரீத்திகா மாதாமாதம் போய்வந்த ஸ்கேன் சென்டரின் முகவரி.

"வைரஸ் இல்லீங்க அம்மணி. யாரோ வேணும்னே பிளாக் பண்ணியிருக்காங்க."

யாரோ என்று தேட வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்கு முன் எடுத்த கடைசி ஸ்கேனின் வீடியோ அது. அதற்கான இணைப்பு சாய்குமாரின் மெயிலுக்குத்தான் வந்திருந்தது. ஒரு தடவை காட்டு என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அதப் பாத்து என்ன ஆகப்போகுது, உடு" என்று எழுந்து போய்விடுவான்.

அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரை எடுத்துவரப் போனான்.

அவன் மறந்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது, தன்னையும் மறக்க வைக்கத் தடை போட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் கண் எரிந்தது.

"எடுத்துடட்டுங்களா?"

பிரீத்திகா தலையசைத்தாள்.

தடை நீங்கியதும் வீடியோ இறங்கியது. எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, சாஜிதா பதிவிறக்கப் பட்டியலைத் திறந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, இப்போது இறங்கியது.

அதற்குக் கீழே அதே பெயர். அதுவும் இன்றைய தேதி. பெயரின் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'நீக்கப்பட்டது'.

அதற்கும் கீழே அதே பெயர். நேற்று. நீக்கப்பட்டது.

முந்தாநாள். நீக்கப்பட்டது.

சாஜிதா உருட்ட உருட்ட அதே பெயர் வந்துகொண்டே இருந்தது. பிரீத்திகா அம்மா வீட்டில் இருந்த வாரத்திலும் வந்தது. தீபாவளியன்றும் வந்தது.

ஆபீஸ் வேலை என்று அவன் விடிவதற்கு முன்பே எழுந்து இந்த அறைக்கு வருவது அவளுக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுத்துக்கொள்வாள்.

தடையை எடுத்து, வீடியோவை இறக்கி, பார்த்து, அழித்து, மறுபடியும் தடையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறான்.

சாஜிதா வீடியோவைத் திறந்தாள்.

சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. பிறகு அது ஒரு கை என்று தெரிந்தது. முகத்தருகே போய், ஏதோ யோசித்ததுபோல் நின்று, விலகியது.

"சத்தம் வரலீங்களேக்கா."

சாஜிதா பார்த்தாள். ஒலி அடியோடு குறைக்கப்பட்டிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம்தான் படுக்கையறை. நடுவில் இருக்கும் கதவைச் சரியாகச் சாத்த முடியாது.

அவள் ஒலியைக் கூட்டினாள்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுவதுபோல, விடாமல், வேகமாக, அந்தச் சின்ன இதயம் அடித்தது. அறை முழுக்க அடித்தது. முடியும்வரை இரண்டு பெண்களும் அசையவில்லை.

சாஜிதா மறுபடியும் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தாள். "பிளாக்க நிரந்தரமா எடுத்துபோடறேன் கண்ணு. உனக்கு வேணுங்கறப்ப பாத்துக்க."

"வேண்டாங்கக்கா. எல்லாத்தையும் அவரு வெச்ச மாதிரியே வெச்சுபோடுங்க. நாம பாத்தது தெரிய வேண்டாம்."

சாஜிதா வீடியோவை அழித்தாள். பட்டியலில் தாங்கள் இறக்கிய வரியை மட்டும் எடுத்தாள். ஸ்கேன் சென்டரின் முகவரியை இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்த்தாள். கடைசியாக ஒலியைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

பிரீத்திகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் மட்டும் அப்படியே இருக்கட்டுங்கக்கா."