ஆளுநர் போட்ட கோடு

அந்தக் கைகள்தான். அந்தக் கைகளை வைத்துத்தான் இவள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள் என்று லோர்னா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மேலவைச் செயலாளரான அவளுடைய மேசைக்கு எதிரே கேமில் மூச்சிரைக்க நின்றிருந்தாள். குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஆளுநர் அலுவலகம் இருக்கும் மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். கேமில், ஆளுநர் கர்ட்டிஸின் மனைவி. அவர் தேர்தலில் நின்று ஜெயித்து ஆளுநராவதற்கு முன்பு அதே கர்ட்டிஸுக்கு மனைவியாக இருந்தவள் லோர்னா.

கணவன் போன காயம்கூட ஆறிவிட்டது. மகள் ஜூனியின் விஷயம்தான் ஆறவில்லை. பதினொரு வயது ஜூனிக்குக் காது கேட்காது. வார நாட்களில் காது கேளாதோருக்கான அரசுப் பள்ளியின் விடுதியில் இருப்பாள். கேமில் ஆறே மாதத்தில் சைகை மொழி கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் அவளோடு விரல்களாலேயே அரட்டை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜூனி அம்மாவிடம் வந்து, அம்மாவின் விரல்கள் தடுமாறி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். அந்தப் பொறுமையைத்தான் லோர்னாவால் தாங்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் முன்னாடி ஒரு உறை வந்திருக்குமே, லோர்னா. அதைத் திருப்பிக் கொடுங்க."

"வந்துச்சு. மூணு பன்னிரண்டுக்கு முத்திரையும் போட்டாச்சு."

பட்ஜெட்டில் எந்தச் செலவையும் ஆளுநர் ஒரே கோட்டில் அடித்து நீக்கலாம். ஓரத்தில் பெயரின் முதலெழுத்துகள் போதும். ஆனால் அடித்த தாள் மேலவைக்கு வந்து முத்திரை விழுந்துவிட்டால், அதன் பிறகு அது அவருடையதல்ல. முத்திரை முதலில், வாசிப்பு பிறகு என்பது அங்கே வழக்கம்.

லோர்னா உறைக்குள் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கேமில் கேட்டு வாங்கிய ஓவியக்கூடத்தைப் பத்திரிகைகள் ஒரு மாதமாகக் கிழித்துக்கொண்டிருந்தன. அதைத்தான் அடித்திருப்பார்.

"எது அடிபட்டிருக்குன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியாம என்ன?"

"தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"பின்ன, உங்களோட சேர்ந்து அழணுமா?"

கேமில் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அவர் வேணும்னு செய்யல. கண்ணாடி போட்டுக்காம ஸ்கேலை வச்சுக் கோடு இழுத்திருக்கார்."

"கண்ணாடின்னா அவருக்கு வெட்கம். உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னத்தனமாக இருக்கிறது என்று உறைத்தது.

"ஒரு நிமிஷம் கொடுத்தா போதும். யாரும் இன்னும் பிரிக்கல. யாருக்கும் தெரியாது."

"அடிக்கத்தான் அரசியல் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. அடிச்சதை அழிக்க இல்ல. வேணும்னா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"இப்ப இருக்கிற சபையில அது நடக்காதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

அந்த வார்த்தை நாக்கில் இனித்தது. பத்தொன்பது வருட வேலையில் சட்டமும் தன் மனசும் ஒரே பக்கம் நிற்பது இன்றுதான் என்று லோர்னா நினைத்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த இனிப்பை விட மனமில்லை.

கேமிலின் கண்கள் நிறைந்தன. "என்மேல இருக்கிற கோபத்தை இதுல காட்டாதீங்க, லோர்னா. என்னோடதை அடிங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். கோடு ஒரு வரி கீழ இறங்கிடுச்சு."

லோர்னா உறையைப் பிரித்தாள். ஓவியக்கூடம் கோடு படாமல் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை இரண்டு முறை படித்தாள்.

கேமில் நீட்டிய கையை மடக்கவில்லை. தாழ்வாரத்தில் யாரும் இல்லை. லோர்னா தாளை மடித்து உறைக்குள் வைக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பிறகு உறையை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அடிபட்டது என் ஜூனியோட பள்ளிக்கூடம்தான். இருந்தாலும் தர முடியாது, கேமில்."