ஓங்கி அடிக்க ஒரு பேட்

பதினோராவது பேட்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "இதுவும் வேகமாப் போவுது" என்றார் எத்திராஜ்.

பெர்னார்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேசர் டவுனில் இருபது வருடமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். டேபிள் டென்னிஸ் பேட்டில் பந்து வேகமாகப் போகிறது என்று குறை சொல்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார். மணி மூன்றாகிறது. வீட்டில் மீன் குழம்பு ஆறிக் கிடக்கும்.

இத்தனைக்கும் விஷயம் தெரிந்துதான் அவர் உதவ உட்கார்ந்தார்.

எத்திராஜின் தொழிற்சாலை கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ரிடையர் ஆகிறவர், மாலை மரியாதைக்கு முன்னால், தன்னோடு அதிக நாள் ஆடிய ஆளோடு ஒரே ஒரு கேம் ஆட வேண்டும். இருபத்தொரு பாயிண்ட். மொத்த கிளப்பும் சுற்றி நின்று பார்க்கும்.

திங்கட்கிழமை ரிடையர் ஆகிறவர் சீனிவாசராகவன். எதிரில் நிற்கப்போகிறவர் எத்திராஜ்.

பதினெட்டு வருடமாக மதிய இடைவேளையில் அந்த மனுஷனிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறவர். ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

அதனால் பெர்னார்ட் நல்ல மனசோடு சின்னப் பாடமே எடுத்தார். பேட் என்றால் மரம் பாதி, அதன்மேல் ஒட்டுகிற ரப்பர் பாதி. ஒரு ரப்பர் பவருக்கு, இன்னொன்று கண்ட்ரோலுக்கு. ஜெயிக்க வேண்டுமென்றால் பவரில் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு எத்திராஜ் சொன்னார், "நான் ஓங்கி அடிக்கணும். பந்து மெதுவாப் போவணும்."

கடையைப் பூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது பெர்னார்டுக்கு.

கடையின் பின்கட்டில் பழைய டேபிள் ஒன்று கிடந்தது. ஒவ்வொரு பேட்டாக அதில் ஆடிப் பார்த்தார்கள். எத்திராஜ் ஓங்கி ஓங்கித்தான் அடித்தார். எல்லாம் பெர்னார்டின் வலது கைக்கே வந்து விழுந்தன, பரிமாறுவது மாதிரி.

"சார், இடது பக்கம் அடிங்க. எதிராளி அங்கதான் தடுமாறுவான். சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

அடுத்த பந்தும் வலது பக்கமே வந்தது.

பெர்னார்ட் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடம் இவர் ஏன் தோற்றார் என்று இப்போது நன்றாகப் புரிந்தது.

கடைசியில் எத்திராஜ் தேர்ந்தெடுத்தது, பள்ளிக்கூடங்களுக்கு மொத்தமாக விற்கிற மட்ட ரப்பரை. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அதில் பந்து பட்டால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போகும்.

"பேஜார் பண்ணாதீங்க சார். இதோட போனா அஞ்சு பாயிண்ட் தாண்ட மாட்டீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒட்டினா ஒட்டினதுதான், உரிச்சா கிழிஞ்சுதான் வரும்."

"ஒட்டுங்க."

பெர்னார்ட் உள்ளே போனார். பசையைத் தடவும்போது அவருக்குக் கோபம் பாதி, பாவம் பாதியாக இருந்தது. வயசான மனுஷன், ஒரு தடவை ஜெயித்தால் என்ன குறைந்துவிடும்? தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஜப்பான் ரப்பர் இழுப்பறையில் இருந்தது. அதே சிவப்பு. தொட்டாலே பந்து பறக்கும்.

அதைப் பிரித்து, கச்சிதமாக ஒட்டி, ஓரம் வெட்டி, உறையில் போட்டு எடுத்து வந்தார். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

"திங்கட்கிழமை ஜெயிச்சுட்டு வந்து ஸ்வீட் குடுங்க."

எத்திராஜ் வாசல்வரை போனவர், நின்றார். தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"பெர்னார்ட், உங்ககிட்ட சொன்னா வெளிய போவாது. அவருக்கு சுகர்ல இடது கண்ணு போயி நாலு மாசம் ஆவுது. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவருக்கே தெரியாது. நான் மெதுவாக் கை வீசினா விட்டுக்குடுக்கறேன்னு கண்டுபிடிச்சுடுவாரு. பந்து வேகமாப் போச்சுன்னா வலது பக்கம் வந்தாலும் அவரால எடுக்க முடியல. அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷன் காத்துல கை வீசிட்டு நிக்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

"சார்."

பெர்னார்ட் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "அந்த பேட்டைக் குடுங்க. ஓரத்துல சரியா ஒட்டல."

"இவ்ளோ நேரம் உள்ள என்னதான் பண்ணீங்க?" எத்திராஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு உறையை நீட்டினார். "சொன்னதைச் செய்யறதுக்கே இந்தப் பாடா?"

பெர்னார்ட் உள்ளே போய், சிவப்பு ரப்பரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார்.

கிழிந்துதான் வந்தது.